சீல் சார்

அம்போசெலிக்கு ஆறு பேர் போனோம். ஐந்து பேர் யானை பார்த்தோம். ஆறாமவர் மூடி பார்த்தார்.

தண்ணீர்ப் பாட்டிலின் மூடிதான். கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்குமே, திருகினால் 'டக்'கென்று அறுமே, அது அறுந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்காகவே அவர் கடல் கடந்து கென்யாவுக்கு வந்ததுபோல் இருந்தது. அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. நைரோபி விமான நிலையத்தில் இறங்கிய அரை மணி நேரத்தில் நாங்கள் அதை மறந்துவிட்டோம். அப்புறம் அவர் எங்களுக்குச் சீல் சார்.

சீல் சார் இல்லாத சுற்றுலாக் குழு கிடையாது. காசிக்குப் போனாலும் இருப்பார், கென்யாவுக்குப் போனாலும் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆபீஸில் கோப்புகளைத் திருப்பி அனுப்பிய கை, ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் பாட்டில்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருக்கும். சட்டைப் பையில் பேனா இருந்த இடத்தில் இப்போது தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். பேச்சில் அடிக்கடி ஒரு வாசகம் வரும். எங்கள் சாருடையது இது: "முப்பத்தாறு வருஷ சர்வீஸ் சார். ஒருத்தனுக்கும் கூஜா தூக்கினது கிடையாது!"

அவருடைய சோதனை மூன்று கட்டம் கொண்டது. முதலில் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து நசுக்குவார். ஒரு சொட்டு வரக்கூடாது. அடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், துரும்பு தெரியக்கூடாது. கடைசியில் தேங்காய் வாங்குகிறவரைப்போலக் காதருகில் கொண்டுபோய் மூடியைத் திருகுவார். 'டக்' கேட்க வேண்டும். கேட்டால் குடிக்க. கேட்காவிட்டால் கால் கழுவ. நடுவில் தேறுகிற பாட்டில் எதுவும் கிடையாது.

பல் விளக்குவதும் பாட்டில் தண்ணீரில்தான். குளிக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்வார் என்று அவர் வீட்டம்மா சொன்னார். "கல்யாணமாகி நாற்பது வருஷத்துல இவர் வாயை மூடி நான் பார்க்கிறது இந்தக் குளியல் ரூம்லதான்" என்றும் சொன்னார். ஓட்டலில் ஜூஸ் வந்தால் ஐஸ் கட்டியை ஸ்பூனால் எடுத்து, செத்த பூச்சியைப் போடுவதுபோல் தட்டில் போடுவார். அதே மனிதர் சென்னையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் தினமும் பானிபூரி சாப்பிடுகிறவர். பானி என்றாலும் தண்ணீர்தான் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை போலும்.

அவர் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊர் மாறினால் வயிறு கலங்கும். லட்சக்கணக்கில் செலவு செய்து வந்துவிட்டு, சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் நேரத்தில் நாம் கழிப்பறையில் இருப்பது பெரிய நஷ்டம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில், எரிமலைப் பாறைகளில் ஊறி வருகிற நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். சின்ன வயதிலிருந்து அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை ஏறியிருக்கும். நம் தருமபுரிப் பக்கத்துத் தொல்லைதான். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆகவே குழாயில் வாய் வைக்காதே என்று பயணிகளுக்குச் சொல்வது சரியான புத்திமதிதான். ஆனால் புத்திமதியை நாம் கேட்டுக்கொண்டு சிங்கம் பார்க்கப் போவோம். சீல் சார் சிங்கத்தை விட்டுவிட்டு அந்தப் புத்திமதியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நைரோபியில் முதல் நாள் மாலை எல்லோரும் ஊர் சுற்றக் கிளம்பினோம். அவர் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். காட்டில் பார்க்க வேண்டிய ஐம்பெரும் விலங்குகள் என்று சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஐந்தையும் சொல்வார்கள். சாருக்கும் ஐந்து உண்டு: அரை லிட்டர், ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர், ஐந்து லிட்டர், இருபது லிட்டர். பாட்டிலைச் சுற்றிச் சுற்றி ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினார். இருந்தது கென்யாவின் தர முத்திரை. "நம்ம முத்திரை இல்லையே" என்று கடைப் பையனிடம் குறைபட்டுக்கொண்டார். ஷில்லிங்கை ரூபாயாக்கி, ரூபாயை மறுபடி ஷில்லிங்காக்கி, இரண்டு முறையும் வேறு வேறு விடை வந்ததும் திருப்தி அடைந்து, ஒரு லிட்டர் பாட்டில் இருபத்துநான்கை இரண்டு பெட்டியாக வாங்கினார்.

அன்றைக்கே ஒரு சுவாஹிலிச் சொல்லும் கற்றுக்கொண்டார். அந்த மொழியில் தண்ணீருக்கு 'மாஜி' என்று பெயர். பதவி போன மந்திரிக்கு நாம் சொல்கிற அதே மாஜி. மூன்று நாளும் ஓட்டல் ஊழியர்களைப் பார்த்து "மாஜி! மாஜி!" என்று அவர் கூப்பிட்டதைக் கேட்கும்போது, ஆட்சி கவிழ்ந்த ஊருக்கு வந்துவிட்டோமோ என்றிருக்கும்.

மறுநாள் காலையில் ஓட்டுநர் அந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ம்ஸே, இது வேண்டாமே. வாசலில் விடமாட்டார்கள். லாட்ஜில் நல்ல தண்ணீர் இருக்கிறது" என்றார். ம்ஸே என்றால் பெரியவர் என்று பொருள். மரியாதை மட்டும் சாரின் காதில் விழுந்தது, மற்றது விழவில்லை. எங்களிடம் தமிழில் விளக்கினார்: "இதெல்லாம் கமிஷன் சார். லாட்ஜுல நாலு மடங்கு விலைக்கு வாங்க வைக்கிற வேலை." பெட்டிகள் ஏறின. பெட்டிகளுக்கு இடம் விட்டு நாங்கள் ஏறினோம்.

மொம்பாசா நெடுஞ்சாலையில் எமாலி வரை போய்த் தெற்கே திரும்ப வேண்டும். வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது என்று அரை மணிக்கு ஒருமுறை எல்லோரையும் குடிக்க வைத்தார் சார். குடித்தது அதோடு போகுமா? வண்டியை அடிக்கடி ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. பக்கத்து நாடான தான்சானியாவில் பஸ் பயணிகள் இதற்கு 'மருந்து தோண்டப் போவது' என்று நாசூக்காகச் சொல்வார்களாம். எமாலி வருவதற்குள் சார் நான்கு முறை மருந்து தோண்டினார்.

அங்கேதான் அந்த விபரீதம். நைரோபியில் பாதி குடித்து அவர் இறுக்கி மூடி வைத்த பாட்டில், இடுப்பு ஒடுங்கி உள்வாங்கிக் கிடந்தது. "பார்த்தீங்களா? நான் இறங்கின நேரத்துல எவனோ வாய் வச்சு உறிஞ்சியிருக்கான்!" உறிஞ்சியது காற்றுதான். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்று லேசு. இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, மூடிய பாட்டிலை நெருக்கும். பள்ளிக்கூடப் பாடம்தான். நான் சொல்லி முடித்ததும் சார் என்னையே சந்தேகமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு பாட்டில் என் பக்கமாக வைக்கப்படவில்லை.

அம்போசெலி பூங்கா வாசலில் காவலர் பெட்டிகளைப் பார்த்தார், புன்னகை செய்தார், தலையை ஆட்டினார். கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு 2017 ஆகஸ்டிலேயே தடை வந்துவிட்டது. மீறினால் நான்கு ஆண்டு வரை சிறை, நாற்பது லட்சம் ஷில்லிங் வரை அபராதம். 2020 ஜூன் 5 முதல் ஒருமுறை குடித்து எறியும் பாட்டில்களும் தேசியப் பூங்காக்களுக்குள் போகக்கூடாது. ஓட்டுநர் காலையில் சொன்னதும் இதைத்தான்.

சார் வாதாடினார். டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக் காட்டினார். தம் வயதைச் சொன்னார், ரத்த அழுத்தத்தைச் சொன்னார், முப்பத்தாறு வருஷ சர்வீஸைச் சொன்னார். காவலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டிகள் காவல் அறை ஜன்னலோரத்தில் பத்திரமாக இருக்கும், திரும்பும்போது எண்ணி எடுத்துக்கொள்ளலாம் என்றார். "அப்ப மூணு நாளைக்கு நான் என்னத்தைக் குடிக்கிறது?" என்று சார் எங்களைப் பார்த்துக் கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது.

அப்போது வீட்டம்மா பையைத் திறந்தார். புடவைக்குள் சுற்றி வைத்திருந்த ஒன்றை வெளியே எடுத்தார். எவர்சில்வர் கூஜா. திருகு மூடி, வளைந்த கைப்பிடி, வயிற்றில் அவர் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. பாட்டில் என்ற ஒன்று நம் ரயில்களில் ஏறுவதற்கு முன் எத்தனையோ குடும்பங்களின் தாகத்தைத் தீர்த்த சாமான். "இருபத்துமூணு கிலோதான் விடுவான், இந்த ஓட்டைப் பாத்திரம் எதுக்குன்னு கேட்டீங்களே. இதுக்குத்தான்" என்றார். காவலர் கூஜாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திருகித் திறந்து மூடினார். இதுதான் வேண்டும், எல்லோரும் இப்படி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார். சாரின் சோதனை மூன்றுக்கும் உட்படாமல் கூஜா பூங்காவுக்குள் நுழைந்தது.

லாட்ஜில் சாருக்கு ஓர் ஆறுதல் காத்திருந்தது. சாப்பாட்டுக் கூடத்து மூலையில், குழாய் வைத்த தாங்கியின்மேல் தலைகீழாக நின்றது இருபது லிட்டர் கேன். சென்னை வாசி ஒருவருக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் எது? ஊர்க்காரனைப் பார்த்ததுபோல் அதைத் தட்டிக்கொடுத்தார். மீட்டரை விட்டுப் பார்த்தார். எண் பிடித்திருந்தது. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைத்தான் காட்டும், காலராக் கிருமி ஊரோடு குடியிருந்தாலும் அதன் கண்ணில் படாது என்று சொல்ல வாயெடுத்தேன். எமாலி ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. நிரம்பிய கூஜாவைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற முடியாது. ஆகவே யார் தூக்கினார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நாங்கள் ஐந்து பேரும் அந்த மூன்று நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

புதருக்கு நடுவே ஒரு மான் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, நீண்ட கழுத்தை நீட்டி இலை தின்றுகொண்டிருந்தது. ஜெரனுக். சுவாஹிலியில் ஒட்டகச்சிவிங்கி மான். இலையில் இருக்கும் ஈரமே இதற்குப் போதும், மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் என்றார் ஓட்டுநர். சார் முதல்முறையாகக் கேமராவை எடுத்தார். "புத்திசாலி" என்றார்.

அடுத்த நாள் விடியற்காலையில் கிளிமஞ்சாரோ முகம் காட்டியது. 5,895 மீட்டர். மலை நிற்பது தான்சானியாவில். அழகு பார்க்க நிற்பது கென்யாவில். வெயில் ஏறினால் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அம்போசெலி புழுதிக்காடு. ஆனால் நடுவே பச்சைப் பசேலென்று சதுப்பு நிலம். இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சார் கேட்டார். அவர் கேட்காமல் யார் கேட்பார்? மலையில் பெய்கிற மழையும் உருகுகிற பனியும் எரிமலைப் பாறை இடுக்குகளில் இறங்கி, நிலத்தடியிலேயே நடந்து வந்து இங்கே ஊற்றாகக் கிளம்புகிறது என்று ஓட்டுநர் விளக்கினார். சார் வெகுநேரம் மலையையும் சதுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ்வளவு தூரம் வருதே, நடுவுல யாரும் திறக்கலையே?" என்றார்.

சதுப்பில் வயிறு முட்ட இறங்கி நின்றது ஒரு யானைக் கூட்டம். பெரிய யானை ஒரு நாளைக்கு 200 லிட்டர் வரை குடிக்கும் என்று கேட்டதும் சார் கண் விரிந்தது. "பத்து கேன்! எங்க தெருவுல கேன் நாற்பது ரூபாய்…" என்று கணக்கில் இறங்கினார். அந்த நேரத்தில் பாட்டி யானை ஒன்று முன்பக்கத்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே பின்பக்கத்தால் அதே தண்ணீரில் பெரிய உருண்டைகளாகப் போட்டது. இரண்டடி தள்ளி அதன் குட்டி தும்பிக்கையை விட்டு உறிஞ்சியது. சார் கண்ணை மூடிக்கொண்டு கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டார். 'டக்' சத்தம் ஒன்றும் இல்லாமல் அந்தக் குட்டி துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

நான்காம் நாள் வாசலில் காவலர் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்தார். சார் எண்ணினார். இருபத்துநான்கு வாங்கி, வரும் வழியில் நாங்கள் குடித்தது போக மீதி பதினேழு. சரியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு.

வண்டி கிளம்பியதும் ஒரு பாட்டிலை எடுத்தார். கவிழ்த்து நசுக்கினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். காதருகில் வைத்துத் திருகினார். டக். மூன்று நாளாகக் கேட்காத சங்கீதம். முகம் மலர அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. ஜன்னலோரத்து வெயிலில் மூன்று நாள் வெந்த பாட்டில்.

"என்னமோ பிளாஸ்டிக் வாடை அடிக்குது" என்றார். மூடியைத் திரும்பத் திருகி வைத்துவிட்டு வீட்டம்மா பக்கம் கையை நீட்டினார். "அந்தக் கூஜாவைக் கொடு."

வீட்டம்மா ஜன்னல் வழியாகக் கிளிமஞ்சாரோ இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"உங்க மடியிலதான் இருக்கு" என்றார்.