அண்ணனுக்கு அரைக்கட்டை, எனக்கு ஒரு கம்பி

எங்கள் ட்ரூப்பின் பாடகருக்கு வயது ஏறியதால் எனக்கு ஐந்தாவது கம்பி தேவைப்பட்டது. வெளியே இருப்பவர்களுக்கு இது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போடும் முடிச்சாகத் தெரியலாம். லைட் மியூசிக் உலகத்தில் எல்லாமே இப்படித்தான். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் இன்னொருவருக்குப் பர்ஸ் இளைக்கும்.

அண்ணன் திருச்சி வட்டாரத்தில் பல காலமாக மேடையேறுகிறவர். ஒரு காலத்தில் ரெக்கார்டில் என்ன சுருதியோ, அதே சுருதியில் பாடுவார். பிறகு ஒருநாள், "அரைக்கட்டை இறக்கிக்கலாமாப்பா?" என்றார். கொஞ்ச நாளில் அது முழுக்கட்டையானது. காரணமாகச் சளி, ஏசி, மண்டபத்துச் சாம்பார் எல்லாவற்றையும் சொல்வார். வயதை மட்டும் சொல்லமாட்டார்.

கீபோர்டு தம்பிக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் போனை எடுத்துக்கொள்வான். தபலாக்காரர் சுத்தியலால் நாலு தட்டு. மாட்டிக்கொள்கிறவன் பேஸ் கிட்டார்காரன். நாலு கம்பி பேஸுக்கு அடிமட்டம் ஈ. நம் கணக்கில் மூணு கட்டை. மூணு கட்டைப் பாட்டை ரெண்டு கட்டைக்கு இறக்கினால், பல்லவி முடிந்து வந்து இறங்கவேண்டிய டி என்னிடம் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் வாசிக்கவேண்டும். முன்வரிசையில் ராஜா ரசிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இளையராஜா எழுதிக்கொடுத்து சசிதரன் வாசித்த பேஸ் பகுதிகளை, பாட்டு வரி மறந்தாலும் மறக்காதவர்கள். கீழே இறங்கவேண்டிய இடத்தில் பேஸ் மேலே ஏறினால், சுருதி குறைத்துப் பாடிய அண்ணனை விட்டுவிட்டு என்னை முறைப்பார்கள்.

கம்பியைத் தளர்த்தி டி-க்கு இறக்கிவிட்டால் போயிற்று என்பீர்கள். இறக்கலாம். ஆனால் அடுத்த பாட்டு எங்கள் பாடகி பாப்பாவுடையது. அது ரெக்கார்டு சுருதியில்தான் பாடும். நடுவில் அறிவிப்பாளர் பேசும் நேரத்துக்குள் மறுபடி ஏற்றியாகவேண்டும். கல்யாண வீட்டாரின் பரம்பரையை அரைமணி நேரம் விவரிக்கும் அந்த மனிதர், நான் கீயைத் திருகும்போது மட்டும் "அடுத்து வருவது..." என்று நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

ஆகவே ஐந்து கம்பி பேஸ். ஈ-க்குக் கீழே ஒரு பி. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னங்க, நாலு கம்பியில நீங்க வாசிக்கிறதே கேக்கலைன்னு எங்கம்மா சொல்றாங்க. அஞ்சாவது எதுக்கு?"

விஞ்ஞானப்படி மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது. ஈ கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். பி சுமார் 31 முறை. எங்கள் பக்கத்து மண்டபங்களில் கட்டும் ஸ்பீக்கர் பெட்டிகள் பலவும் 50-க்குக் கீழே வந்தாலே வாயை மூடிக்கொள்ளும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 31-ஐ அடிக்கும்போது கூடவே 62, 93, 124 என்று அதன் மடங்குகளும் கிளம்புகின்றன. பெட்டி அந்த மடங்குகளை மட்டும் அனுப்பினாலும், கேட்கிறவர் மூளை கணக்குப் போட்டு, வராத 31-ஐத் தானே சேர்த்துக்கொள்ளும். இதையெல்லாம் தாளில் எழுதிக் காட்டினேன்.

"இல்லாத சத்தத்த மூளையே போட்டுக்கும்னா, போட்டுக்கட்டும். கம்பி எதுக்கு வாங்கணும்?"

இந்தக் கேள்விக்கு ஒலியியலில் பதில் இருக்கிறது. குடும்பத்தில் இல்லை.

எப்படியோ அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கலே ஆரம்பித்தது. எனக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கம்பி எத்தனையானாலும் ஆகட்டும், பார்க்கிறவனுக்கு அது 1960-களின் பேஸாகத்தான் தெரியவேண்டும். சன்பர்ஸ்ட் நிறம், ஆமை ஓட்டுக் கோலம் போட்ட பிக்கார்டு, குரோம் குமிழ்கள். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் பழைய பாட்டுக்காகக் கூப்பிடுகிறார்கள். கீபோர்டு தம்பிக்கே பெல்பாட்டம் மாட்டிவிடும் அமைப்பாளர்கள் இருக்கும் ஊரில், நான் மட்டும் விண்வெளிக் கலத்தோடு போய் நிற்க முடியாது. இது அரைக் காரணம். மீதி அரை, அந்த உருவத்தின் மேல் எனக்கிருக்கும் மோகம். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். 1954-ல் அதன் விலா இடிக்கும் விளிம்புகளைச் சீவினார். 1960-ல் இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து ஜாஸ் பேஸ் செய்தார். அதற்கப்புறம் அந்த வடிவத்தில் திருத்த எதுவும் பாக்கி இல்லை என்பது என் கட்சி. வண்ணங்களையும் கார் கம்பெனிகளிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு காரிலிருந்து வந்தது, லேக் பிளாசிட் ப்ளூ காடிலாக்கிலிருந்து. காடிலாக் வாங்க வழியில்லாதவனுக்கு அதன் பெயிண்டாவது கிடைக்கிறது.

சரி, பழைய உருவமும் வேண்டும், கம்பியும் கூட வேண்டும். அப்படியென்றால் பழைய காலத்திலேயே செய்த ஒன்றைத் தேடலாமே? தேடினேன். இருக்கிறது. 1961-ல் ஃபெண்டரே ஆறு கம்பி வைத்து பேஸ் சிக்ஸ் என்று ஒன்றை இறக்கியது. அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் அது கிட்டாரை அப்படியே ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது. அதனால் அதன் அடிக்கம்பியும் அதே ஈ. 1965-ல் பேஸ் ஃபைவ் வந்தது. ஐந்து கம்பி! படத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். விவரத்தைப் படித்ததும் உட்கார்ந்தேன். ஐந்தாவது கம்பியைக் கீழே வைக்காமல் மேலே, ஜி-க்கு அப்புறம் சி என்று வைத்திருந்தார்கள். மேலே ஒரு கம்பி வந்துவிட்டதால் நெக்கில் அவ்வளவு ஃப்ரெட் எதற்கு என்று 15-ஓடு நிறுத்தியும்விட்டார்கள். அது விற்கவில்லை, சில வருஷங்களில் கைவிட்டார்கள். ஆக மொத்தம், பாரம்பரிய அழகோடு கூடுதல் கம்பி வைத்த இரண்டு பேஸுமே அண்ணனின் தொண்டை போகும் திசைக்கு நேர் எதிராகப் போயிருக்கின்றன.

கீழே இறங்கத் துணிந்தவர்கள் வேறு ஜாதி. 1975-ல் ஆந்தனி ஜாக்சன் என்ற அமெரிக்க வாத்தியக்காரர், கார்ல் தாம்சன் என்ற நியூயார்க் கைவினைஞரிடம் பி-யிலிருந்து சி வரை ஆறு கம்பி வைத்துச் செய்யச் சொன்னார். அவர் வாதம் எளிமையானது: இதுவும் கிட்டார் குடும்பம்தானே, கிட்டாருக்கு ஆறு கம்பி என்றால் இதற்கும் ஆறுதான் முறை, நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸைப் பார்த்து நாலு வைத்ததுதான் கோளாறு. நியாயமான பேச்சு. ஆனால் அவர் உட்கார்ந்து வாசித்தவர். எங்கள் மேடையில் நாற்காலி ஒன்று மிஞ்சினால் அது மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் போய்விடும். தவிர, ஆறு கம்பி நெக்கை ஒரே கையால் சுற்றிப் பிடிக்க விரல் நீளமாக இருக்கவேண்டும். எனக்கு நாக்குதான் நீளம் என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

அதற்கப்புறம் சின்தசைசர் பரவலானது. கீபோர்டின் இடது கை ஈ-க்குக் கீழே சர்வசாதாரணமாகப் போய்வர ஆரம்பித்ததும், நாலு கம்பிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. 1987-ல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 வந்தபோது ஐந்து கம்பி ஒரு விசித்திரம் என்ற நிலை மாறத் தொடங்கியது. நம்மூர் சினிமாப் பாட்டிலும் தொண்ணூறுகளுக்குப் பிறகு அடித்தளம் அந்த ஆழத்துக்குப் போயாயிற்று.

சென்னைக்குப் போனேன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடை. "அஞ்சு கம்பியா சார்? இதான் சார் இப்ப மூவிங்" என்று தம்பி ஒன்றை எடுத்து வைத்தார். மேலே முடிச்சு முடிச்சாக ரேகை ஓடும் மரம், கண்ணாடிப் பளபளப்பு, தங்க முலாம் பூசிய கீ. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக்கொடுத்த டீப்பாய்க்குக் கம்பி கட்டிய மாதிரி இருந்தது. எனக்குப் புரியாத ரகசியம் ஒன்று இதில் உண்டு. நாலு கம்பிவரை ஒழுங்காக பெயிண்ட் அடிக்கிறவர்கள், ஐந்தாவது கம்பி ஏறியதும் காட்டிலாகா அதிகாரிகளாகிவிடுகிறார்கள். இது எந்த நாட்டு மரம், எத்தனை வருஷம் காய்ந்தது என்று தம்பி பத்து நிமிஷம் பேசினார். "மேல டீ வெச்சா கறை படியுமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்து எடுத்ததில் ஃப்ரெட்டெல்லாம் சாய்ந்து சாய்ந்து இருந்தது. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. காரியத்தில் சரியான ஏற்பாடு அதுதான். அதே நீளத்தில் சுருதியை இறக்கவேண்டுமானால் கம்பி தடிக்கவேண்டும். ஜி கம்பி 1.1 மில்லிமீட்டர் சொச்சம் என்றால் பி கம்பி 3.3 மில்லிமீட்டர். தடித்த கம்பியை முறுக்கேற்றாமல் விட்டால் தொளதொளவென்று ஆடும். சுரம் எங்கே என்று தேடவேண்டியிருக்கும். நீளத்தைக் கூட்டினால் விறைப்பு வரும். அதனால் கனடாவின் டிங்வால் பேஸில் ஜி-க்கு 34 அங்குலம், பி-க்கு 37 அங்குலம் என்று வைக்கிறார்கள். ஃப்ரெட் சாய்வது அதனால்தான். பியானோவைத் திறந்து பார்த்தாலும் அடிக்கம்பிதான் நீளம். எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊரில் இதை மாட்டிக்கொண்டு நின்றால், இடைவேளையில் யாராவது பெரியவர் தோளைத் தொட்டு, "பஸ்ல அடிபட்டுச்சா தம்பி?" என்று விசாரிப்பார்.

"சார், உங்களுக்கு என்னதான் சார் வேணும்?" என்றார் தம்பி.

"நாலு கம்பி பேஸ். அஞ்சு கம்பியோட."

அவர் உள்ளே போய் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் வயதானவர்; ஒரு காலத்தில் ட்ரூப்பில் வாசித்தவராக இருக்கவேண்டும், என் கட்டைவிரல் காய்ப்பைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மாடியிலிருந்து ஜாஸ் பேஸ் வடிவத்தில் ஒன்றை இறக்கினார். மூன்று வண்ண சன்பர்ஸ்ட். ஆமை ஓட்டு பிக்கார்டு. ஐந்து கம்பி. பெயர் எடுத்த பழைய கம்பெனியில்லை. அந்தச் சாயலில் கை அடக்கமான விலைக்குச் செய்கிற கம்பெனிகளில் ஒன்று. இப்போது அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள் என்பது எங்கள் வர்க்கத்துக்குக் கிடைத்த நல்லகாலம்.

ஐந்து கம்பி பேஸைப் பார்த்து வாங்குவதற்கு ஒரே ஒரு பரீட்சைதான் முக்கியம் என்பேன். பி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருவதும் ஈ, பக்கத்துக் கம்பியைச் சும்மா தட்டினால் வருவதும் ஈ. இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டவேண்டும். ஒன்று தெளிவாகவும் மற்றொன்று மூக்கடைத்தும் கேட்டால் நமஸ்காரம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இதில் முழுசாக ஒன்றாகக் கேட்டது என்று சொல்லமாட்டேன், சண்டை போட்டுக்கொள்ளவில்லை. 35 அங்குல நெக் வைத்த இன்னொன்றும் இருந்தது. ஒரு அங்குலம் கூடினால் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் ஏறும், பி இன்னும் விறைப்பாக நிற்கும். நின்றது. ஆனால் முதல் ஃப்ரெட்டுக்குக் கையை நீட்டும்போது தோள்பட்டை வேண்டாமென்றது. தோள்பட்டை பேச்சைத்தான் கேட்டேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் கண் உறுத்தியது. ஹெட்ஸ்டாக்கில் நாலு கீ மேல்பக்கம் வரிசையாக, ஐந்தாவது மட்டும் கீழ்ப்பக்கம். ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்தால் தலை நீண்டு, கையை எடுத்ததும் நெக் கவிழும். அதற்காகச் செய்த ஏற்பாடு. கீபோர்டு தம்பி முதல் பார்வையிலேயே, "அண்ணே, இந்த ஒருத்தர் மட்டும் ஏன் எதிர்க்கட்சில உக்காந்திருக்காரு?" என்றான்.

கட்டைவிரல் இதுநாள்வரை பிக்கப் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது பி கம்பியின் மேல் சாய்த்து அதை அமுக்கி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மற்ற கம்பி அதிரும்போது அதுவும் அடியில் முனகும். பழக மாதக்கணக்கானது. பழகியபின் ஒரு காதுகுத்து விழாவில் அண்ணன் ரெண்டு கட்டைக்கு இறக்கச் சொன்னார், பல்லவி முடிந்தது, டி-யில் போய் இறங்கினேன். முன்வரிசையில் யாரும் முறைக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் மேடையேறி வந்து பேஸைத் தடவிப் பார்த்தார். "அந்தக் காலத்து ஐட்டம். இப்ப யாரு இப்படிச் செய்யறான்? இப்பல்லாம் அஞ்சு கம்பி, ஆறு கம்பின்னு என்னென்னமோ வெக்கிறானுங்க." ஆமாங்கய்யா என்றேன்.

கீபோர்டு தம்பிக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் கம்பெனிப் பாட்டுகள் பலவற்றை ஒரு 1962 பிரிசிஷன் பேஸில், நாலே கம்பியில், வலது கையின் ஒற்றை விரலால் வாசித்தாராமே என்று என் வீட்டுக்கே வந்து கேட்டான். அவருடைய பாடகர்கள் பலருக்கும் இருபது சொச்சம் வயது என்று பதில் சொன்னேன். உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தவள் நின்று கேட்டாள்.

"அவர் ஒரே விரலால வாசிச்சாரா?"

"ஆமா. இன்னொன்னு தெரியுமாக்கா? கம்பி அறுந்தாத்தான் மாத்துவாராம். மத்தபடி வருஷக்கணக்கா அதே கம்பிதான்."

ஐந்து கம்பி செட் என்ன விலை என்பது அவளுக்குத் தெரியும். கூரியர் வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கியவளே அவள்தான். காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த மனுஷன் படம் இருந்தா ஒண்ணு பிரேம் போட்டு மாட்டுங்க."