ஒழுகும் ஃபீட் பம்பு: மங்கலம்பேட்டை மரபு நோக்கிய ஓர் ஆய்வு

நூல் செய்வோன் முதலில் எல்லை கூறவேண்டும் என்பார்கள். இந்த ஆய்வின் எல்லை: வடக்கே உளுந்தூர்ப்பேட்டை, தெற்கே விருத்தாசலம், நடுவே மங்கலம்பேட்டை. ஆய்வுப்பொருள், இந்த எல்லைக்குள் இன்னும் உழுதுகொண்டிருக்கும் பழைய டிராக்டர்களின் விலாவில், இரண்டே போல்ட்டில் தொங்கும் ஃபீட் பம்பும் அதிலிருந்து சொட்டும் டீசலும். தோட்டத்து டிராக்டர் என்று மேல்நாட்டார் ஒன்று வைத்திருக்கிறார்கள். புல்வெட்டும் குட்டி வண்டி. அதன் பம்பு பிளாஸ்டிக். எஞ்சினுக்குள் எழும் காற்றுத் துடிப்பை ஒரு ரப்பர் குழாய் வழியாக வாங்கி வேலை செய்யும். கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுவார்கள். கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லாத ஒரு பொருளில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை? ஆகவே அதை விலக்கினோம்.

முன்னோர் இதைப் பற்றிச் சொன்னது மிகக் குறைவு. ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1913 செப்டம்பர் 29 இரவு கப்பலில் போகும்போது காணாமல் போனார். ஒழுகல் பற்றி ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ராபர்ட் போஷின் நிறுவனம் 1927இல் டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்பைத் தயாரித்துச் சந்தைக்கு விட்டது. 1951இல் அதன் இந்தியக் கிளையாக மைகோ வந்தது. 1840இல் மதராசில் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி பின்னாளில் டீசல் எஞ்சின் கட்டியது. அதே குழுமத்தின் டாஃபே 1960இல் மாஸ்ஸி பெர்குசனோடு கைகோத்தது. இப்படியாக மங்கலம்பேட்டை வயலுக்கு 1035 என்னும் வண்டி வந்து சேர்ந்த வரலாறு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இவர்கள் எல்லாருடைய கவலையும் வண்டி ஓடுவதைப் பற்றியதுதான். ஒழுகுவது பற்றிய சிந்தனை முழுக்க நம் ஊர் புளியமரத்தடிகளில் வளர்ந்தது.

பம்பின் இலக்கணம் சுருக்கமாக. எஞ்சினுக்குள் சுழலும் கேம், பம்பின் கரத்தைத் தள்ளும். கரம் டயாப்ரத்தைக் கீழே இழுக்கும். டயாப்ரம் என்பது எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் ரப்பர் பூசிய துணி வட்டம். அது கீழே இறங்கும்போது டாங்கியிலிருந்து டீசல் உள்ளே வரும்; அடியிலிருக்கும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும்போது டீசல் பில்டருக்குப் போகும். இவ்வளவுதான். நாசில் திறக்கக் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். அந்தப் பெருமை எல்லாம் உயர் அழுத்தத்தில் செலுத்தும் பெரிய பம்புக்கு. ஃபீட் பம்பு தண்ணீர் தூக்கிக் கொடுக்கும் சித்தாள் மாதிரி. வராத அன்றுதான் கொத்தனார் வேலையும் நிற்கிறது என்று தெரியும்.

ஒழுகல் எத்தனை வகைப்படும்? ஐந்து என்க. விருத்தகிரீஸ்வரர் கோயிலில் கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து என்று எல்லாமே ஐந்தாக இருக்கும் வட்டாரத்தில், ஒழுகலை நான்கென்றோ ஆறென்றோ வகுத்தால் யாரும் ஒப்பமாட்டார்கள். டாங்கிக் குழாய் வந்து சேரும் மூட்டு, பில்டருக்குப் போகும் மூட்டு, மேல்மூடி, மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் சேரும் விளிம்பு, கீழ்க்கட்டையில் இருக்கும் ஊசித்துளை. எஞ்சினோடு பம்பு ஒட்டும் இடத்தில் கசிவதும் உண்டே எனின், அங்கே கசிவது எஞ்சின் ஆயில். அது புறனடையால் கொள்ளப்படும்.

முதல் மூன்றைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. காப்பர் வாஷரை மாற்றினால் தீரும். பழைய வாஷரையே போடுவதென்றால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகும். காய்ச்சாமல் போட்டு ஸ்பேனரைக் கொண்டு கடவுளை நினைத்து முறுக்கினால் மரை போகும்.

நான்காவது இடம்தான் சிகிச்சை மரபுகளின் விளைநிலம். அவற்றுள் தொன்மையானது சோப்பு மரபு. துணி துவைக்கும் கட்டிச் சோப்பைக் கிள்ளி, உள்ளங்கையில் பிசைந்து, கசியும் விளிம்பில் அப்புவது. டீசல் சோப்பைச் சட்டென்று கரைக்காது என்னும் உண்மையின் மேல் எழுந்த மரபு என்பதால் இதை இகழ்வதற்கில்லை. மழை பெய்தால் மட்டும் வண்டி நுரைக்கும். அடுத்தது எம்-சீல் மரபு. இது இறுகும்வரை இடம் உலர்ந்திருக்க வேண்டும், ஒழுகும் இடம் உலராது. ஆகவே ஒழுகல் நின்றால்தான் எம்-சீல் ஒட்டும், எம்-சீல் ஒட்டினால்தான் ஒழுகல் நிற்கும். மூன்றாவது சைக்கிள் டியூப் மரபு. டியூபை நாடாவாகக் கிழித்து இறுகச் சுற்றுவது. டியூப் ரப்பர் டீசலைக் குடித்து ஊதும்; ஊதுவதால் முதல் இரண்டு நாள் இன்னும் நன்றாக அடைக்கும், டிரைவர் ஊரெல்லாம் பெருமை பேசுவார். பிறகு அதே டியூப் கொழகொழத்துக் கையோடு வரும்.

இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது ஏந்தும் மரபு. ஒழுகலை நிறுத்த முயலாமல் அடியில் ஏதாவது வைப்பது. பெயின்ட் டப்பா வைப்போர் பெரும்பான்மை. செராமிக் தொழில் கற்பிக்கவே அரசு நிறுவனம் இருக்கும் விருத்தாசலம் பக்கத்தில் இருப்பதால், சூளையில் கழித்துவிட்ட பீங்கான் கிண்ணம் வைப்போரும் உளர். கழித்த கிண்ணத்தில் விரிசல் இருப்பின் அது ஒழுகலுள் ஒழுகல் எனப்படும்.

இதில் பொருளாதாரம் என்ன? டீசல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சிறியது. மில்லிக்கு 40 துளி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3,600 சொட்டு, அதாவது 90 மில்லி. எட்டு மணி நேர உழவில் 720 மில்லி. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கையில் நாளொன்றுக்குச் சுமார் 65 ரூபாய் மண்ணில் இறங்குகிறது. இதை உரிமையாளரிடம் சொன்னால் "சொட்டுதானே" என்பார். அதே ஆள் டீக்கடையில் டீ இரண்டு ரூபாய் ஏறியதற்குக் கடையை மாற்றியவர்.

இனி ஐந்தாவது. இவ்வாய்வு எழுதப்பட்டதே இதற்காகத்தான்.

கீழ்க்கட்டையில் பல பம்புகளுக்கு ஒரு சிறு துளை உண்டு. அது பழுதன்று, பம்பைச் செய்தவன் வேண்டுமென்றே வைத்தது. டயாப்ரம் கிழிந்தால் டீசல் கீழே இறங்கும். இறங்கும் டீசல் எஞ்சினுக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும், பார்ப்பவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட வழி அது. மங்கலம்பேட்டை மரபோ, சொட்டும் இடம் எதுவானாலும் அடைக்கப்பட வேண்டியது என்று கொள்கிறது. தீப்பெட்டிக் குச்சியைச் சீவி அந்தத் துளையில் செருகி, மேலே சோப்பு அப்பி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நின்னு போச்சு பாருங்க" என்கிறார்கள். நின்றது மெய். டீசல் இப்போது வேறு வழியில் போகிறது.

எந்த வழி? பம்பின் கரம் எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதே வழி. அடியில் இருப்பது ஆயில் சம்ப். இந்த வண்டிகளில் டாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. ஆகவே வண்டி ஓடத் தேவையில்லை. இரவில் டாங்கிக் குழாயின் திருகை மூடாமல் விட்டால், முந்திரித் தோப்பு ஓரத்தில் வண்டி தூங்கும்போதே டீசல் தன் எடையில் மெல்ல இறங்கிச் சம்பை நிரப்பும். பழைய டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் திருகை மூடுவதைக் கஞ்சத்தனம் என்று இளையவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இதன் பின் நிகழ்வது உலக இயந்திரவியலில் வேறெங்கும் பதிவாகாத ஓர் ஆனந்தம். கேஜ் கம்பியை இழுத்துப் பார்க்கும் பெரியவர் முகம் மலர்கிறது. பட்டறையில் கேட்ட உரையாடலை அப்படியே தருகிறோம்.

"தம்பி, என் வண்டி ஆயிலே குடிக்காது. ஒத்த சொட்டு கொறையல பாரு."

"கொறையலீங்க ஐயா. மேல் கோட்டையும் தாண்டி ஏறியில்ல இருக்குது?"

"அதான் சொல்றேன். ராசியான வண்டி."

"நீங்க ஊத்தாம எப்படிங்க ஐயா ஏறும்?"

பெரியவர் இதற்குப் பதிலாக மேலே கையைக் காட்டினார். மெக்கானிக் கம்பியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு ஒரு சொட்டை நாளிதழ்த் துண்டில் விட்டார். நல்ல ஆயில் நடுவில் கறுத்துத் திட்டாக நிற்கும். டீசல் கலந்தது வெளிறிய வளையமாகக் காகிதத்தில் அகலப் படர்ந்துகொண்டே போகும். இங்கே வளையம் ஒரு வேட்பாளரின் முகத்தைக் கடந்து சின்னத்தையும் தொட்டது.

ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும், ஆயில் பிரஷர் முள் விழும். முற்றினால், நிரம்பி வழியும் அந்தக் கலவையையே எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டு தானாக எகிறும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. கண்ணுக்குத் தெரியும் சொட்டுக்கு ஊரே வைத்தியம் பார்க்கிறது. தெரியாத சொட்டுக்குத் திருஷ்டி கழிக்கிறது. வெளியே ஒழுகும் பம்பு பரவாயில்லை, உள்ளே ஒழுகுவதே ஆளை விழுங்கும் என்பது எம் துணிபு. குச்சியைப் பிடுங்குக.

பிடுங்கிய பின் எழும் வினா: பழுது பார்ப்பதா, புதிது மாட்டுவதா? இதில் இரு கட்சி உண்டு. பழுது பார்ப்போர், கட்டை கெட்டியான வார்ப்பு, டயாப்ரமும் வால்வும் அடங்கிய கிட் ஒன்று போதும் என்பர். புதிது மாட்டுவோர், கரத்தின் அச்சாணியும் அது நுழையும் துளையும் தேய்ந்திருக்க, டயாப்ரம் மட்டும் புதிதானால் இழுப்புக் குறையும் என்பர். இருவர் கூற்றும் அமையும். கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் முதல் கட்சி, தொளதொளவென்று ஆடினால் இரண்டாம் கட்சி. புதிது மாட்டுவோர் ஒன்றை மட்டும் மறைக்கிறார்கள்: ஒரிஜினல் அட்டைப்பெட்டிக்குள் லோக்கல் பம்பு இருப்பதுண்டு. கரம் ஒரு நூல் நீளமாக இருந்தாலும் கேம் அதை உடைத்துச் சம்புக்குள் தள்ளும். பெட்டியை நம்பி ஏமாந்தவர்கள், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் காகிதத்தில் குறை எழுதிப் பிராது கட்டும் வழக்கத்தை நினைத்துக்கொள்வார்கள். உதிரிபாகம் அந்த எல்லைக்குள் வருமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

மூன்றாம் கட்சி ஒன்றும் உண்டு. அதை நச்சினார்க்கினியர் கட்சி என்று அழைக்கலாம். எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து வந்து இங்கே மாட்டிப் பொருள் கொள்வார் என்று அந்த உரையாசிரியர்மேல் ஒரு குறை உண்டல்லவா? அதுபோல் மாமனார் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் வண்டியின் பம்பை அவிழ்த்து வந்து இங்கே மாட்டுவது. பொருந்திவிடுகிறது என்பதுதான் இரண்டிலும் வியப்பு.

பழுது பார்க்கும் முறை வருமாறு. அவிழ்க்கும் முன் மேல்கட்டை, கீழ்க்கட்டை இரண்டுக்கும் குறுக்கே ஹாக்ஸா பிளேடால் ஒரு கீறல் போடுக. போடாதவன் மூடியைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்து, குழாய் மூட்டு ரேடியேட்டரை நோக்கி நிற்கக் கண்டு வருந்துவான். புது டயாப்ரத்தின் தண்டைக் கரத்தில் மாட்டிக் கால்வட்டம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். திருகாணிகளை விரலால் ஏற்றிவிட்டு, கரத்தை அழுத்தி டயாப்ரத்தைக் கீழே இழுத்துப் பிடித்தபடி எதிரெதிராக முறுக்குக. இழுத்துப் பிடிக்காமல் முறுக்கினால் டயாப்ரம் விறைத்து நிற்கும். கேம் முதல் சுற்றிலேயே விளிம்பைப் பிய்க்கும். பிறகு எல்லாரும் கிட் மட்டம் என்பார்கள்.

அடுத்து பேக்கிங். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் காகிதம். கல்யாணப் பத்திரிகையைப் பம்பின் முகத்தில் வைத்து, பால்பின் சுத்தியலின் உருண்டைத் தலையால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தால் அளவாக வெட்டுப்படும். இதனால் வரலாற்றாசிரியனுக்குப் பேருதவி. பழைய பம்பைக் கழற்றுகையில் பேக்கிங்கில் "சுபயோக சுபதினத்தில்" என்பதும் மாதமும் தேதியும் எஞ்சியிருக்கும். போன முறை எந்தத் தையில் வேலை நடந்தது என்று ஐயமின்றிச் சொல்லலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை. வசதியான வீட்டுப் பத்திரிகை தடிமனானது. தடித்த பேக்கிங் பம்பைக் கேமிலிருந்து தள்ளி வைக்கும், கரத்தின் வீச்சுக் குறையும், டீசல் போதாது. எளிய குடும்பத்துக் கல்யாணமே எஞ்சினுக்கு உகந்தது.

மாட்டியாயிற்று. இனி ஏர் எடுக்க வேண்டும். பில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, பம்பின் அடியிலுள்ள கைநெம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல் வரும். பல பேர் விழும் குழி இங்கேதான். நெம்பை அடித்தால் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று ஆடும். உடனே "புது பம்பும் டெட்டுங்க" என்று தீர்ப்பு வரும். கடைக்காரரோடு சண்டைக்குப் புறப்படுவார்கள். பம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கேம் தன் உச்சியில் கரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்பதால் டயாப்ரம் ஏற்கெனவே கீழே இழுபட்டிருக்கிறது; கைக்கு இழுக்க மிச்சமில்லை. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அடித்தால் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு செய்தியை அறிந்தவரே மேஸ்திரி, அறியாதவர் மெக்கானிக்.

கடைசியாக ஆயில். டீசல் கலந்த ஆயிலை இறக்கி, ஆயில் பில்டரையும் மாற்றிப் புதிது ஊற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது. இறக்கிய ஆயில் வீணாகாது. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கத் தடவ, கட்டட வேலைக்காரர்கள் கேன் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். டீசல் கலந்தது என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். ஆகவே பட்டறையில் யாரும் அதைச் சொல்வதில்லை. நீர்த்திருக்கிறதே என்று கேட்டால், நல்லா ஓடின வண்டி ஆயில் அப்படித்தான் இருக்கும் என்பார்கள்.