தலையில ஓட்டை இருக்கா, பாரு

ஏலே பேராண்டி, லண்டன்காரன் செஞ்ச பழைய ஈயப் பொம்மைப் பட்டாளத்தை ஏலத்துல எடுக்கப் போறியாமே? ஒங்க ஆச்சி சொன்னா. எடு, எடு. நாப்பது வருசம் வார்ப்புப் பட்டறையில புகை குடிச்சவன் ரெண்டு சொல்லுதேன், கேட்டுக்கோ.

மொதல்ல தொப்பி உச்சியைப் பாரு. சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். குறை இருக்குன்னு பேரம் பேசிராத, சிரிச்சுப்புடுவான். வித்தையே அந்த ஓட்டையிலதான் இருக்கு.

அந்த வித்தை வர்றதுக்கு முந்தி ஜெர்மனிக்காரன் பொம்மைன்னா கெட்டி ஈயம். கனம், விலையும் அப்படி. 1893ல லண்டன் பிரிட்டன் குடும்பத்துப் பொம்மைப் பட்டறையில மகன் வில்லியம் ஒரு சூட்சுமம் பண்ணான். ஈயத்தோட ஆன்டிமனி, கொஞ்சம் வெள்ளீயம் சேத்து உருக்கி, ரெண்டு பாதி அச்சுல ஊத்துறது. அச்சைத் தொட்ட மேல்தோல் மொதல்ல உறையும், நடுவு தண்ணியாவே கெடக்கும். அந்த நேரம் பாத்து மணிக்கட்டைச் சுண்டிக் கவுத்தா, உறையாதது அம்புட்டும் ஓட்டை வழியாச் சட்டிக்கே திரும்பிரும். அவசரப்பட்டா சிப்பாய்க்குத் தோல் தேறாது. அசந்தா கெட்டியாப் போயிரும், லாபம் அம்பேல். நாங்க கூடு வார்க்கணும்னா உள்ள மண்ணை உருட்டி வைப்போம். அந்தப் பய ஒண்ணுமே வைக்காம வார்த்திருக்கான்! காத்தை வித்தே காசு பாத்தவன், போ.

அப்புறம் பிசிறைச் சீவி, கையைத் தனியாத் தோள்ல மாட்டி, வர்ணம். பெரும்பாலும் பொம்பளைக கைதான். 54 மில்லிமீட்டர் ஆளுக்குச் சிவப்புக் கோட்டு, கரடித்தோல் தொப்பி, கன்னத்துல ரோசு, கண்ணுக்கு ஒரு புள்ளி. எந்தக் காவல் படைன்னு தெரியணும்னா தொப்பியில இறகைக் கவனி: வெள்ளை இறகு இடப்பக்கம்னா கிரெனேடியர், சிவப்பு வலப்பக்கம்னா கோல்ட்ஸ்ட்ரீம். ஸ்காட்ஸ் காவலனுக்கு இறகே கிடையாது. ஐயோ பாவம்னு நீ கோழியிறகை ஒட்டி வச்சிராத. பெயிண்டு உதுந்திருக்குன்னு புதுசா ஒரு பூச்சும் பூசிராத. பூசுன அன்னைக்கே விலை பாதாளத்துக்குப் போயிரும். மூஞ்சி கழுவாத ஒனக்கு இது ஒண்ணும் கஷ்டமில்லையே.

இன்னொண்ணு கேளு. ஆசையா ஆடித் தேஞ்ச பொம்மைக்கு விலை இல்ல. செவப்புப் பெட்டி கசங்காம, அட்டையில கட்டுன நூலைக்கூட அறுக்காம எவன் வச்சிருந்தானோ அவன் பேரனுக்குத்தான் யோகம். ஓக் மர அலமாரியில மட்டும் வைக்காத. அந்த மரத்துல கசியுற புளிச்ச ஆவியில ஈயம் வெள்ளையாப் பூத்து உதுந்துரும். ஒன் புள்ள வாயில வச்சுச் சப்பவும் விட்டுறாத. ஈயம் நஞ்சு, பிரிட்டன் கம்பெனியே 1966ல அதைக் கைவிட்டுட்டான்.

சர்ச்சில்கூடச் சின்ன வயசுல 1,500 பொம்மைச் சிப்பாய் வச்சிருந்தவர்தான். அவுக அப்பா வந்து இருபது நிமிசம் அணிவகுப்பைப் பாத்துட்டு, பட்டாளத்துல சேருறியான்னு கேட்டாராம். மகனுக்குப் போர்த்தந்திரம் இருக்குன்னு நெனச்சுட்டார்னு பயலுக்கு ஒரே பெருமை. பெறகுதான் தெரிஞ்சுச்சு, வக்கீலுக்குப் படிக்க இவனுக்கு மூளை பத்தாதுன்னு அப்பா முடிவு கட்டியிருந்தது. ஒனக்குச் சட்டக் காலேஜுல எத்தனை அரியர்னு நான் கேட்கல.

சரி, போட்டோ வந்திருக்குன்னியே, காட்டு. ஓட்டை எங்க இருக்குன்னு பாப்போம். குனியாதல, பொம்மைக்குத்தான் சொன்னேன்.