இன்டோர் யூனிட்டின் ‘டக்’: விசைத்தறி மண்டலப் படுக்கையறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் வட்டாரத்து உறக்கம் பற்றி இரண்டு உண்மைகள் உண்டு. தறிக்கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அடுத்த சுவரை ஒட்டிய தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கும். அதே வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யின் இன்டோர் யூனிட், காற்றைக் குறைத்து வைத்தால் 30 டெசிபல் அளவில்தான் முனகும். அதற்கு வீடே எழுந்துகொள்ளும். 60 டெசிபல் வித்தியாசம் என்றால் ஒலியாற்றலில் பத்து லட்சம் மடங்கு. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. ஆக, சட்டத்தின் முன் ஏ.சி. நிரபராதி. ஆயினும் நள்ளிரவில் அது ஒரு ‘டக்’ போட்டதும், “ஏனுங்க, கேட்டுச்சுங்களா?” என்று இல்லத்தரசி எழுந்து உட்காருகிறார். அறிஞர் பெருமக்கள் இப்புலத்தைத் தொடாமல் விட்டது வியப்பே.

தறி தாளம் தவறாது. காதும் அதைக் கணக்கில் வைக்காது. ‘டக்’ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குற்றம் ஒலியின் அளவில் இல்லை, ஒழுங்கீனத்தில் இருக்கிறது என்பதே நம் துணிபு.

‘டக்’கின் பிறப்பு எளியது. குளிரில் பிளாஸ்டிக் உடல் சுருங்கும். கம்ப்ரசர் நின்றதும் விரியும். கொக்கியில் மாட்டிய ஓரம் வழுக்கும். சித்திரை வெயிலில் காய்ந்த சேலத்துச் சுவரில் 18 டிகிரி வைப்பவர் இதை அதிகம் கேட்பார். புதிய ஏ.சி.கள் 24இல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று போட்ட விதி, தூக்கத்துக்கும் உதவுகிறது.

சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகுவது ஒரு சிந்தனைப் பள்ளி. பின்தகட்டின் திருகு தளர்ந்திருந்தால் இது கொஞ்ச நாள் பலிக்கும் (வெல்வெட் ஒட்டிய பத்திரிகை உத்தமம்). திருகை முடுக்கினாலும் பலிக்கும். ஆனால் அதில் ஆய்வுச் சுவை இல்லை.

‘உஸ்’ஸைப் பொருட்படுத்த வேண்டாம், மெஷின் நின்றபின் கேஸ் சமநிலைக்கு வரும் ஓசை அது. ‘களக் களக்’ என்றால் தண்ணீர்க் குழாய் எங்கோ தொய்ந்திருக்கிறது. சரிவைச் சீராக்கினால் போதும்.

வட்டாரத் தனித்தன்மை கொண்டது ‘கர்ர்’. தறிக்கூடத்துப் பஞ்சு காற்றில் ஏறி ஜன்னல் வழியே வந்து, பில்டரை அடைத்து, மிஞ்சியது ப்ளோயரின் இதழ்களில் அப்பிக்கொள்கிறது. ஒருபக்கம் பாரம் கூடினால் ப்ளோயர் ஆடும், உறுமும். தாலாட்டுகிற தறியேதான் ஏ.சி.யையும் உறுமவைக்கிறது. பில்டரைக் குழாயடியில் நாமே அலசலாம், தறி பக்கத்தில் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ப்ளோயருக்கு வாட்டர் சர்வீஸ்தான்: மெக்கானிக் யூனிட்டுக்குக் கீழே ஷீட் கட்டி, பீய்ச்சி அடித்து, அழுக்கை வாளியில் பிடிப்பார்.

அந்த வாளித் தண்ணீரின் நிறத்தைக் கொண்டே பக்கத்துத் தறியில் ஓடுவது லுங்கியா வேட்டியா என்று கண்டறியலாம் என்னும் கருதுகோளைக் களத் தகவலாளரான மெக்கானிக்கிடம் முன்வைத்தோம். அவர் ஏற்கவில்லை.

“எல்லா ஊட்லயும் கறுப்புத்தானுங்க வரும்.”