டச்சு பே கடற்கரையில் ஆய்வுப்பொருளும் அதன் உடையவரும்: ஒரு திசைநோக்கு ஆய்வு

ஆசியுரை, அணிந்துரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை ஆகிய நான்கும் இடம் கருதி விடப்பட்டுள்ளன. இவை போக மிஞ்சும் பக்கங்களில் ஆய்வு வரவேண்டும் என்பதே நம்மூர் நூல் மரபு. மரபை மீறி நேரே விஷயத்துக்குப் போவதற்காக அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

திருகோணமலை டச்சு பே கடற்கரையில் பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் நடப்பவர்கள் இரு பிரிவினர்: தரையைப் பார்த்து நடப்பவர்கள், வீட்டுக்குப் போய்ப் பாட்டாவைக் கழுவுபவர்கள். இவ்விரு பிரிவுக்கும் காரணமாய் அமைந்த பொருள், எஜமானோடு உலாவ வரும் நாய்கள் மணலில் விட்டுச் செல்வது. அதற்கு ஊரில் பெயர் உண்டு. ஆய்வுலகம் அந்தப் பெயருக்குக் கூசும். ஆகவே இக்கட்டுரையில் அது 'ஆய்வுப்பொருள்' என்றே வழங்கப்படும். இத்துறையில் முன்னோடி நூல்கள் இல்லாமைக்குக் காரணம் எளிது. மிதித்தவர்கள் எழுதுவதில்லை, எழுதுபவர்கள் குனிவதில்லை.

முதலில் ஆய்வெல்லை. காகம் சேர்க்கப்படவில்லை, அது மேலிருந்து வருவதால் வானியல் துறையைச் சேர்ந்தது.

மாடும் சேர்க்கப்படவில்லை. மாட்டுக்கு உடையவர் உண்டு, தொடையில் குறி சுட்ட எழுத்து உண்டு, அது விட்டுச் செல்வதற்கோ விலையே உண்டு. தைப்பொங்கலுக்கு முதல்நாள் முற்றம் மெழுகச் சாணம் தேடும் வீட்டுக்காரர் இருவர், ஒரே குவியலுக்கு உரிமை கோரி ஒழுங்கையில் நின்று வாதாடியதும் உண்டு (எதிர்வீட்டு அக்கா, வாய்மொழி). ஆக, ஒரு பிராணியின் பின்பக்கத்திலிருந்து வருவதை யாரும் ஏற்கமாட்டார்கள் என்ற பொதுவிதி தவறு. ஏற்கிறார்கள். எந்தப் பிராணி என்பதுதான் கேள்வி.

மான் சற்றுச் சிக்கலானது. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்துத் தெருக்களிலும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் தாராளமாக உலாவும் ஊர் இது. வெளியூர்க்காரர் படம் எடுப்பார். உள்ளூர்க்காரர் தன் பூக்கன்றைக் காப்பாற்றப் பார்ப்பார். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானைக் காக்கிறது. நடைமுறையில் மானோ நாய் வளர்ப்பவரைக் காக்கிறது. முழுதாய் வளர்ந்த ஓர் அல்சேஷனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், காலடியில் கிடந்ததைக் காட்டிக் கேட்டபோது, "அது மான் போட்டது" என்றார். மான் போடுவது மிளகைவிடப் பெரிய உருண்டைகளாய் இருக்கும். அவர் காலடியில் கிடந்ததோ அளவில் ஒரு மானே குடியிருக்கலாம் போன்றது. ஆயினும் அவர் முகத்தில் ஐயத்தின் நிழலும் இல்லை. துறை சார்ந்த அறிவு இல்லாதபோது வரும் உறுதியை நாம் கருத்தரங்குகளிலும் கண்டிருக்கிறோம்.

எஞ்சுவது கட்டாக்காலி நாய். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது இலங்கையின் கொள்கை. நல்ல கொள்கை. அதனால் எதிர்பாராத பயன் பெற்றவர்கள் வீட்டு நாய்க்காரர். ஏனெனில், ஆய்வுப்பொருள் வெளிப்படும் அந்த அரை நிமிடத்துக்கு ஒவ்வொரு வீட்டு நாயும் கட்டாக்காலி ஆகிவிடுகிறது. கழுத்தில் பட்டி இருக்கும், பட்டியில் கயிறு இருக்கும், கயிற்றின் மறுமுனையில் ஒரு கை இருக்கும். அந்தக் கைக்குரியவர் மட்டும் இருக்கமாட்டார். அரை நிமிடம் கழிந்ததும் திரும்பி வந்து "ரொமி, வா வீட்டை" என்பார். இதை 'உடைமை ஒடுக்கம்' என்று பெயரிடுகிறோம். சட்டம், இலக்கியம், புவிக்காந்தவியல் ஆகிய மூன்று துறைகளின் துணைகொண்டு இதை விளக்குவதே நமது நோக்கம்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விசர்நாய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. உடையவர் யார் என்று தெரிந்தாக வேண்டும் என வெள்ளைக்காரன் நூற்றிருபது வருடத்துக்கு முன்பே தவித்திருக்கிறான். கயிற்றின் மறுமுனை இன்னும் பதில் சொல்லவில்லை.

இலக்கியம் வளமானது. மகாபாரதத்தின் கடைசியில் தருமர் சுவர்க்க வாசலில் நிற்கிறார், நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறான் இந்திரன், மறுக்கிறார் தருமர். உயர் அதிகாரி முன்னிலையில் "இந்த நாயை நான் விடமாட்டேன்" என்று ஒருவர் ஒப்புக்கொண்ட மிகப் பழைய பதிவு இதுவே. ஆனால் அந்த நாய் தருமதேவதையாக மாறிவிட்டதால், இமயம் வரை அவ்வளவு தூரம் நடந்து வந்த வழியில் எடுத்தது யார் என்ற கேள்வி எழாமலே போயிற்று. பத்திரகிரியார் திருவோடும் நாயும் வைத்திருந்ததற்காகப் பட்டினத்தாரிடம் 'சம்சாரி' என்று பேர் வாங்கினார் என்பது கதை. நாய் வைத்திருப்பது பொறுப்பு என்ற கருத்து துறவிகளிடையே இருந்திருக்கிறது. இல்லறத்தாரிடம் இன்னும் வந்து சேரவில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது திருவாசகம். மாணிக்கவாசகர் தம்மை நாயென்று தாழ்த்திக்கொண்டு உடையானைத் தேடுகிறார். டச்சு பேயில் நாய் நிற்கிறது, உடையான் ஒளிந்துகொள்கிறான். சைவ சித்தாந்தம் இதற்குத் திரோதானம் என்ற சொல்லைத் தயாராக வைத்திருக்கிறது என்பதை மட்டும் குறித்துவிட்டு நகர்கிறோம்.

இனிக் காந்தம். வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரவும்.

2013இல் செக் நாட்டையும் ஜெர்மனியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் விலங்கியல் ஏடொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இது நாம் புனைந்தது அல்ல. 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து, அவை மலம் கழிக்கும்போது எந்தத் திசையில் நிற்கின்றன என்று குறித்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாய் இருக்கும் வேளையில் நாய் வடக்குத் தெற்காக நிற்கிறது, கிழக்கு மேற்கைத் தவிர்க்கிறது என்பது முடிவு. 2014இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படுவது அது. நம் பக்கத்தில் முதல் பாதியை மட்டும் நிறைவேற்றும் ஆய்வுகளுக்கும் பொன்னாடை கிடைக்கிறது.

அவர்கள் பதிவுசெய்த மலங்கழிப்புகளின் தொகை 1893. வாசகர் இங்கே நிற்க வேண்டும். இலங்கையின் விசர்நாய்ச் சட்டம் வந்த ஆண்டு எது? 1893. இதைத் தற்செயல் என்று தள்ளுபவர்கள் நம்முடைய ஊர் வரலாற்று நூல்கள் எதையும் படித்திராதவர்கள். இரண்டு பெயர்களில் ஓர் எழுத்து ஒத்திருந்தாலே இரு மன்னர்களை ஒருவராக்கி, ஊரை மூவாயிரம் வருடம் பின்னுக்குத் தள்ளும் துறையில், நான்கு இலக்கங்கள் ஒத்திருப்பது சாதாரணச் சான்றா? சட்டம் வருமென்று நாய்கள் முன்பே அறிந்திருந்தனவா, அல்லது 1893 முறை ஆனபின் போதும் என்று நாய்களே நிறுத்திக்கொண்டனவா என்பது தனி நூலுக்குரியது. அந்த நூலுக்கு அணிந்துரை தயாராக இருக்கிறது.

இந்த விதியைத் திருகோணமலைக்குப் பொருத்துவோம். டச்சு பே கிழக்குப் பார்த்த கரை. வடக்கே கோட்டையும் சுவாமி மலையும் கோணேசர் கோயிலும். தெற்கே நேவியின் டொக்யார்ட். நாய் வடக்குத் தெற்காக நின்றால் அதன் ஒரு முனை கோயிலையும் மறுமுனை கடற்படையையும் நோக்கும். எந்த முனை எதை என்பதைப் பக்தியும் தேசியப் பாதுகாப்பும் கருதி இங்கே விரிக்கவில்லை. மேற்கே, துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். அவ்வளவு இரும்பு நாயின் திசையறிவைக் கலைக்காதா என்று கேட்கலாம். அத்தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்தழிந்தது. ஆக 1942க்கு முந்திய நாய்களுக்கும் பிந்திய நாய்களுக்கும் இடையே ஒரு தாங்கி அளவு கோண வேறுபாடு இருந்திருக்க வேண்டும். முந்திய நாய்கள் தற்போது பேட்டிக்குக் கிடைப்பதில்லை.

இப்போது எஜமான். அவர் எங்கே பார்க்கிறார்? கிழக்கே. கடலை. கப்பல் இல்லாத கடலையும் கப்பலைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். நாய் வடக்குத் தெற்கு, எஜமான் கிழக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் சரியாகத் தொண்ணூறு பாகை. இதுவே 'டச்சு பே செங்கோண விதி'. இதன்படி எஜமான் தம் நாயைக் காணாதது வேண்டுமென்றே செய்ததன்று. பூமியின் காந்தப்புலமும் கரையின் அமைப்பும் சேர்ந்து செய்த சதி. உட்துறைமுக வீதியில் கடல் வேறு பக்கம் இருப்பதால் விதி பிழைக்க வேண்டும். பிழைக்கவில்லை. அங்கே எஜமான் கைபேசியைப் பார்க்கிறார், அதற்குத் திசை கிடையாது.

எஜமான்களை வகைப்படுத்த முயன்றோம். கடல் பார்ப்போர், கைபேசி பார்ப்போர் முன்னரே சொல்லப்பட்டனர். எடுப்போர்: மாதிரி போதாமையால் விடப்பட்டது. பையில் எடுத்து, முடிச்சுப் போட்டு, அந்தச் சொப்பிங் பையைப் பக்கத்து வேலியில் தொங்கவிட்டுப் போவோர் ஒரு சிறு பிரிவு. மான் பிளாஸ்டிக் தின்னும் ஊரில் இவர்கள் வெறுங்கையோடு வருவதே மேல்.

ஆபத்தானவர்கள் காலால் மணல் தள்ளி மூடுவோர். இவர்கள் தம்மைச் சுத்தக்காரர் என்று நம்புகிறார்கள். உண்மையில் தொல்லியலுக்குப் பணி செய்கிறார்கள். போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் பிரித்தானியர் பிடித்தார்கள், 1803இல் பிரட்ரிக் என்று பேர் வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு படை விட்டுச் சென்ற நிலத்தில் நமது காலத்துப் படையும் உருவாகி வருகிறது. பிற்காலத்தில் அகழ்பவர் இதைக் கண்டு, இவ்வூரார் நாய்க்கு நிலத்தைப் படையல் இட்டு வழிபட்டனர் என்று எழுதுவார். நம்மில் எவரும் மறுக்க இருக்கமாட்டோம்.

மணலுக்குள் போனது சும்மா இருப்பதுமில்லை. நாய், பூனைக் குடலில் வாழும் கொக்கிப்புழு ஒன்றுக்கு அன்சைலோஸ்டோமா செய்லானிகம் என்று பெயர். 1911இல் லூஸ் என்பவர் இலங்கையில் பிடித்த ஒரு மரநாயின் குடலிலிருந்து அதை விவரித்து நாட்டின் பெயரைச் சூட்டினார். முட்டை ஈரமான, சூடான, நிழலான மணலில் பொரிந்து, குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும். இது மனிதக் குடலிலும் குடியேறும். இதன் உறவுக்காரப் புழுக்களோ வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே வரிவரியாய் ஊர்ந்து திரியும். உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைப் பற்றிப் பின்னோக்கியே நடக்கிறார்கள், அதுவும் வெறுங்காலோடு. காலடியில் என்ன என்று பார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. இந்தப் பத்தியில் நகைச்சுவை எதுவும் சேர்க்க முடியவில்லை.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாமல் ஆய்வு நிறைவுறாது என்பதால் சில. நியூயோர்க்கில் எடுக்காவிட்டால் தண்டம் என்று 1978இலேயே சட்டம் வந்தது. பாரிஸ் 1982இல் மோட்டார் சைக்கிளில் உறிஞ்சு குழாய் பூட்டித் தெருவுக்கு அனுப்பியது. எஜமான் குனியாமலிருக்க நகரமே குனிந்த இந்த ஏற்பாட்டைப் பின்னர் கைவிட்டார்கள். இஸ்ரேலின் பெத்தாக் திக்வா 2008இல் நாய்களின் மரபணுவைச் சேகரித்து, தெருவில் கிடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஸ்பெயினின் புருனெத்தே 2013இல் செய்தது இன்னும் அழகு. தொண்டர்கள் எஜமானோடு அன்பாகப் பேச்சுக் கொடுத்து நாயின் பெயரை அறிந்துகொள்வார்கள், பதிவேட்டில் விலாசம் பார்ப்பார்கள், கிடந்ததைப் பெட்டியில் இட்டு 'தொலைந்த பொருள்' என்று எழுதி வீட்டுக்கே சேர்ப்பிப்பார்கள்.

நமக்கு மரபணுவும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். எந்த நாய் யாருடையது, அதன் தாய் எந்த வளவில் குட்டி போட்டது, அந்தக் குட்டியை யார் யாரிடம் கேட்டு வாங்கினார் என்பது ஒழுங்கை முழுதும் தெரியும் (எதிர்வீட்டு அக்கா, மதிலுக்கு மேலாக, குரல் உயர்த்தி). தெரியாததுபோல் இருப்பதற்கே பயிற்சி வேண்டும். நாய் கள்ளனைக் கடித்தால் "எங்கட நாய்" என்று மூன்று வீடு சொல்லும். தபால்காரரைக் கடித்தால் ஒரு வீடும் சொல்லாது. படலையடியில் ஆய்வுப்பொருள் கிடந்தால், அது பக்கத்து வீட்டு நாய்தான் என்பதில் இரு பக்கத்து வீடுகளும் ஒத்த கருத்துடையன (மேலது, திருத்தி விரித்த கூற்று, தும்புத்தடி கையில் இருந்தபோது, உடனிருந்த சாட்சி மீன்கார ஐயா, சைக்கிளை நிறுத்தி, மாற்றுப் பாடம்: "அது உங்கட நாயல்லோ!", இவ்விரு பாடங்களில் எது மூலபாடம் என்பதில் அறிஞர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு வருடக்கணக்காகிறது).

ஆய்வின் இறுதிக் கட்டமாக, விடியற்காலையில் கடற்கரையைக் கூட்டும் தொழிலாளி ஒருவரிடம் செங்கோண விதியை, திசைகாட்டியோடு, விளக்கிக் கூறினோம். அவர் சவளை மணலில் குத்தி நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, வடக்குத் தெற்கு எனக்குத் தெரியாது. அந்தச் சாம்பல் நாய் நாளாந்தம் இந்த வாங்குக்குப் பின்னாலதான் இருக்கும். அதின்ட ஆள் வாங்கில இருப்பார். வெள்ளைச் சேட்டு. நீங்கள் வேணுமெண்டா இப்ப போய்க் கேளுங்கோ, அந்தா இருக்கிறார்."

வெள்ளைச் சட்டைக்காரர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளியின் இக்கூற்று உரிய ஆய்வு நெறிமுறைக்கு உட்படாததாலும், அவர் எவ்வித ஆய்வேட்டிலும் எழுதியவர் அல்லர் என்பதாலும், சான்றாகக் கொள்ளப்படவில்லை.