அல்சர் மாத்திரைன்னு சொல்லாதலே மருமவனே!

ஏலே மருமவனே, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. போனைக் கீழ வை. ராத்திரி பூரா அதைத்தானே தடவிக்கிட்டுக் கெடந்த? எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. கெழவனுக்கு ராத்திரி எந்திரிக்காம முடியாது. எந்திரிக்கப்பல்லாம் ஒம் மூஞ்சியில நீல வெளிச்சம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

சட்டைப்பையில எட்டிப் பாக்குற அட்டை என்னதுன்னு ஒங்கம்மா கேட்டதுக்கு, அல்சர் மாத்திரைன்னுட்ட. எந்தங்கச்சி வெள்ளந்தி. அன்னையில இருந்து ஒனக்காக உறைப்பில்லாத கொழம்பு வச்சு, வீட்டுல அத்தன பேரு நாக்கையும் சாகடிச்சிட்டா. லேய், அந்த அல்சர் மாத்திரைய வழக்கமா சாப்பாட்டுக்கு முந்தி முழுங்குவாக. நீ படுக்கப்போறப்ப, செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னு, தண்ணிகூட இல்லாம முழுங்குத. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்லா? இதுக்குத்தானா இன்ஜினியரிங் படிக்க வச்சோம்?

மனசு சொகமில்லன்னு மெட்ராஸ்ல டாக்டரப் பாத்திருக்க. நல்ல காரியம். ஆனா ‘கீழ்ப்பாக்கம் கேஸு’ன்னு ஊரு சொல்லிருமோன்னு பயம். சொல்லத்தான் செய்யும். அந்தப் பேரைச் சொல்லியே சினிமாக்காரங்க எத்தன வருசம் சிரிக்க வச்சாக! ஒரு கணக்குச் சொல்லுதேன் கேளு. நம்ம கயத்தாத்துல கட்டபொம்மனத் தூக்குல போட்டது 1799. அதுக்கு அஞ்சு வருசம் முந்தியே, 1794-ல, மெட்ராஸ்ல மனநோய்க்கு ஆஸ்பத்திரி வந்தாச்சு. இப்பக் கீழ்ப்பாக்கத்துல இருக்கது அதோட வாரிசுதான். இருநூறு வருசத்துக்கு மேல வைத்தியம் நடக்குது. ஊருக்குத்தான் இன்னும் வெவரம் வரல.

சரி, நோவு தீராம இருக்கணும்னா என்ன செய்யணும்னு மாமன் சொல்லித்தாரேன். மொதல்ல, பாக்குற ஆளுகிட்ட எல்லாம் யோசனை கேளு. கோயில் கொடைக்கு வசூல் கேட்டா ஒளியுற பய எல்லாம் யோசனைன்னா வரிசையில நிப்பான். ‘ஒரு கல்யாணத்தப் பண்ணி வையி, எல்லாம் சரியாப் போவும்’பான் ஒருத்தன். அவன் பொண்டாட்டியக் கேட்டாத் தெரியும் சரியாப் போன லட்சணம். ‘சும்மா இருந்தா அப்படித்தான், நாலு சால் உழுதா மனசாவது மண்ணாவது’பான் இன்னொருத்தன். அவன் கலப்பையத் தொட்டு யாரு பாத்தா? ‘ஒனக்கென்ன கொறை? கை நெறையச் சம்பளம்’பாக. கை நெறைஞ்சவனுக்குப் பல்லு வலிக்காதா?

ஒங்க அத்தை வைத்தியத்தத்தான் நானே பாத்தேனே. வத்தல், உப்பு, தெருமண்ணு எல்லாம் சேத்துச் சுத்தி அடுப்புல போட்டா. நெடி வரலைன்னாத்தான் கண்ணேறாம். வந்த நெடியில நான் தொழுவுக்கு ஓடுதேன், கோழி கூரைமேல ஏறுது. அவளோ, ‘பாத்தீயளா, நெடியே வரல’ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டே இருமுதா. நீ வேற, ‘இப்பத் தேவல அத்த’ன்னுட்ட. அவளும் இன்னும் மூணு வெள்ளிக்கெழம சுத்தணும்னு முடிவு பண்ணிட்டா. அனுபவி!

சாமிகிட்டப் போகாதன்னு நான் சொல்லல. போ, கும்புடு, மனசுவிட்டு அழு. ஆனா 2001 ஆகஸ்ட் 6-ந் தேதிய மறந்துராத. ஏர்வாடி தர்கா பக்கத்துல, மனநோய்க்காரங்கள அடைச்சு வச்சிருந்த கொட்டகையில விடியக்காலம் தீப்பிடிச்சு 28 பேரு செத்துப்போனாக. எந்திரிச்சு ஓட முடியல. கால்ல சங்கிலி. இதுல மட்டும் எனக்கு நக்கல் வராது மருமவனே. கொண்டுபோயி விட்டவுக எல்லாம் கொடுமைக்காரங்க இல்ல, வேற வழி தெரியாதவுக. பெறகு, 2017-ல வந்த மனநலச் சட்டம் யாரையும் எந்த வெதத்துலயும் சங்கிலியில கட்டக்கூடாதுன்னு எழுதியே வச்சிருச்சு. அந்த ஏர்வாடி தர்காவுலயே சர்க்கார் டாக்டர் வந்து மாத்திரை குடுத்தாரு. தொழுதவுக தொழுதுட்டு மருந்தும் வாங்கிக்கிட்டாக. ஆண்டவனுக்கே ஆட்சேபணை இல்ல, ஒனக்கு என்னலே?

2015-16-ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரங்க நாடு பூரா ஒரு கணக்கெடுத்தாக. மனநோவு உள்ளவுகள்ல பத்துக்கு எட்டுப் பேரு வைத்தியமே பாக்கல. டாக்டர் பத்தாததும் காரணம், ஒன்ன மாதிரி மூடி மறைக்கதும் காரணம். நம்ம பசு ஒருநேரம் தீவனம் எடுக்கலைன்னா, 1962-க்குப் போன் போட்டுக் கால்நடை வண்டிய வீட்டு வாசலுக்கே வரவைக்கோம். மனுசன் மாசக்கணக்காச் சோறு எறங்காம, ஒறக்கமில்லாமக் கெடந்தா, ‘கொழுப்பு’ங்கோம். மனுசனுக்கும் நம்பர் இருக்குலே. 14416. ராப்பகலா எடுப்பாக, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். செத்துப்போலாமான்னு ஒரு நெனப்பு தட்டிச்சுன்னா, விடியட்டும்னு இருக்காத. அந்த நம்பரக் கூப்புடு, இல்ல என்னைய எழுப்பு. கேசு ஆயிருமோன்னும் பயப்படாத. அப்படி முயற்சி பண்ணுனவன் கடுமையான மன அழுத்தத்துல இருந்தான்னுதான் எடுத்துக்கிடணும், தண்டிக்கக்கூடாதுன்னு அந்த 2017 மனநலச் சட்டமே சொல்லுது.

மாத்திரை சங்கதிக்கு வாரேன். முழுங்குன மறுநாளே மனசு துள்ளும்னு நெனச்சியாக்கும்? மனச்சோர்வு மாத்திரை வேலையக் காட்ட ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆவும், செலருக்குக் கூடவும் ஆவும். அதுக்குள்ள ‘ஒண்ணும் கேக்கல’ன்னு தூக்கிப் போடுதவன் ஒரு ரகம். கொஞ்சம் தெளிஞ்சதும் ‘நமக்கு இனி எதுக்கு’ன்னு நிறுத்துதவன் இன்னொரு ரகம். தெளிஞ்ச பெறகும் ஆறு மாசத்துக்குக் கொறையாமத் தொடரச் சொல்லுவாக. கொறைக்கதும் நிறுத்துறதும் டாக்டர் வேலை. பேசியே தீத்துவைக்க வைத்தியமும் இருக்கு. அதுக்கும் படிச்ச ஆளு இருக்காக. டீக்கடை பெஞ்சு அதுல சேத்தி இல்ல.

அழுக வந்தா அழு. ஆம்பள அழக்கூடாதுன்னு எவன் சொன்னான்? பருத்தி பட்டுப்போன வருசம் இந்தத் தெருவுல அழாத ஆம்பள யாரு? துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு, வேர்வை தொடைக்க மாதிரி நடிச்சான், அவ்வளவுதான். பொம்பளையாளுக ஒப்பாரி வச்சு, கட்டிப்பிடிச்சு அழுது பாரத்த எறக்கிருவாக. நாம மீசையத் தடவிக்கிட்டுச் சாராயக்கடைக்குப் போவோம். யாரு புத்திசாலின்னு நீயே சொல்லு.

இனி ஆக வேண்டியதப் பாப்போம். கையில இருக்க மாத்திரை தீருறதுக்குள்ள பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். மனநலத்துக்குத் தனிப் பிரிவே இருக்கு. ஓ.பி. சீட்டு வாங்க நானே வரிசையில நிக்கேன், வெள்ளத்தாடிக்கு வழிவிடுவாக. உள்ள நீ பேசு, நான் வாயத் தொறக்க மாட்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தியாகம்னு ஒங்க அத்தையக் கேளு.

வீட்டுல உண்மையச் சொல்லு. மருந்த மறைக்காமச் சாப்புடு, டாக்டர் சொல்லாம நிறுத்தாத. ஊரு என்ன சொல்லும்கிற கவலைய மட்டும் எங்கிட்ட விட்டுரு. ஊரு வாய அடைக்க ஒம் மாமன் வாயி ஒண்ணு பத்தாதா?