கபுகி நடிகரை அழகாக்குவது எப்படி?

ஜப்பானிய மர அச்சுப் படங்களைக் கையால் நகலெடுத்து விற்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், முதலில் ஒரு நல்ல செய்தி. இதற்கு மூலச் சித்திரம் என்று ஒன்று கிடையாது. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில் ஓவியர் மெல்லிய தாளில் கோடு போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைக் கவிழ்த்து செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தைத் தோண்டி எடுப்பார். பலகை தயாராகும்போது தாள் போயிருக்கும். கடைக்கு வந்ததெல்லாம் அச்சுதான். ஆகவே ‘முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது’ என்று நீங்கள் சான்றிதழ் ஒட்டும்போது, இல்லாத ஓவியத்துக்கு நகல் எடுத்தவர் ஆகிறீர்கள். துணிந்து விலையைக் கூட்டலாம்.

யாருடைய படத்தை வரைவது? யோசிக்கவே வேண்டாம், ஷராகு என்ற ஓவியருடையதைத்தான். 1794இல் எங்கிருந்தோ வந்தார். சுமார் பத்தே மாதத்தில் 140க்கும் மேற்பட்ட படங்கள், பெரும்பாலும் கபுகி நாடக நடிகர்கள். பிறகு ஆளைக் காணோம். அவா பிரபுவிடம் சம்பளம் வாங்கிய சைதோ ஜூரோபெய் என்ற நோ நாடக நடிகர்தான் அவர் என்று இன்று பலரும் ஏற்கிறார்கள். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லித் தொலைக்காதீர்கள். ‘மர்ம ஓவியர்’ என்றால்தான் போணியாகும்.

எல்லோரும் கேட்பது ஒரே படத்தை: எதோபெய் என்ற அடியாள் வேடத்தில் மூன்றாம் ஓதானி ஒனிஜி என்ற கபுகி நடிகர். பணத்தைப் பறிக்க நிற்கிறான். முகம் முன்னே துருத்துகிறது, வாய் கீழ்நோக்கி இறுகியிருக்கிறது, மார்புத் துணியின் பிளவிலிருந்து இரண்டு கைகளும் விரல் விரித்து வெளியே வருகின்றன. அந்த முகத்துக்கு இந்தக் கைகள் சிறியவை. எந்தத் தோளிலிருந்து வருகின்றன என்று தேடினால் பிடிபடாது. உடற்கூறு கற்ற நகல்காரருக்குச் சும்மா இருக்க முடியாது. இருக்க வேண்டாம், திருத்திவிடுங்கள். மணிக்கட்டு வைத்து, விரல்களை அளவாக்கி, முழங்கை எங்கே என்று தெரியும்படி துணியில் ஒரு மடிப்பும் போடுங்கள். முடித்துவிட்டுப் பார்த்தால், வழிப்பறிக்கு வந்தவன் கணப்படுப்பில் குளிர்காய வந்த மாமா மாதிரி நிற்பான். வரவேற்பறைக்கு அதுதான் பாந்தம்.

பெண் வேடங்களில் இன்னும் கவனம் தேவை. 1629இல் ஷோகுன் அரசு பெண்கள் மேடையேறத் தடை போட்டதிலிருந்து கபுகியில் எல்லாம் ஆண்கள்தான். மழித்த முன்னந்தலையை ஊதாத் துணியால் மறைத்துக்கொண்டு நடித்தார்கள். ஷராகு துணியையும் வரைந்தார், பூச்சுக்கு அடியில் இருந்த நடுத்தர வயது ஆணின் தாடையையும் வரைந்தார். உங்களுக்கு ஏன் அந்த வம்பு? தாடையை இழைத்துவிடுங்கள், கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். உண்மையை மிஞ்சி வரையப் போய்த்தான் அந்த மனிதர் நிலைக்கவில்லை என்று அவர் காலத்து எழுத்தாளர் ஓதா நன்போவே குறித்து வைத்திருக்கிறார். ஷராகு வந்த அதே ஆண்டில் தொயோகுனி என்ற இன்னொரு ஓவியர் நடிகர்களை அவர்களுடைய ரசிகர்கள் பார்க்க விரும்பியபடி லட்சணமாக வரைந்தார், நெடுநாள் செழித்தார். இருநூறு ஆண்டு கழித்து நீங்கள் ஷராகுவின் படத்தைத் தொயோகுனியின் கையால் வரைகிறீர்கள். ரசிகர்கள் ஒருவழியாக ஜெயித்துவிட்டார்கள்.

பின்னணிக்குச் சாம்பல் நிற பெயின்ட் ஒரு டப்பா போதும். அசலில் அது வெறும் சாம்பல் நிறம் இல்லை, அப்பிரகப் பொடி சேர்ந்தது. தாளைக் கையில் எடுத்துச் சற்றுச் சாய்த்தால் முகத்துக்குப் பின்னால் ஒரு மினுமினுப்பு ஓடும். மேடையில் நிற்கும் ஆளை அப்படியே கைக்குள் கொண்டுவரும் வேலை அது. போட்டோவில் அது விழாது. நீங்கள் போட்டோவைப் பார்த்துத்தானே வரைகிறீர்கள், உங்கள் மேல் குற்றமில்லை.

முகத்துக்கு வெள்ளை பூசும்போது ஒரு சந்தேகம் வரலாம். அசலில் முகம் வெறும் தாள்தான், மல்பெரி நாரில் செய்த தாள். இன்று அது பழுப்பேறியிருக்கிறது. நீலமும் ஊதாவும் வெளுத்துவிட்டன. நீங்கள் அந்தப் பழுப்பையும் வெளுப்பையும் அப்படியே கலந்து பூசுங்கள். ஈரம் காயாத படத்துக்கு இருநூறு வயது ஏற்றுவதற்குக் கூலி தனியாகக் கேட்கலாம். அளவிலும் தாராளம் காட்டுங்கள். அசல் ஏறக்குறைய 39 சென்டிமீட்டர் உயரம், மடியில் வைத்துப் பார்ப்பது. சோபாவுக்கு மேலே மாட்ட நான்கடியாவது வேண்டாமா?

ஓரத்தில் உள்ள எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று ஷராகுவின் பெயர், இன்னொன்று பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோவின் சின்னம், சின்ன வட்டத்துக்குள் இருப்பது தணிக்கை முத்திரை. அரசு அனுமதித்த படம் என்று ஷோகுன் காலத்து முத்திரையை உங்கள் கான்வாஸில் நீங்களே குத்திக்கொள்ளும் பாக்கியம் வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும்? படிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். 1887இல் பாரிஸில் வான்கோ, ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியரின் அச்சுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தபோது, வேறு அச்சுகளிலிருந்த ஜப்பானிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துச் சுற்றிலும் அலங்காரமாக நிரப்பினார். அதற்கும் படத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அவர் கோட்டையும் நிறத்தையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வேறொரு ஓவியமாகவே ஆக்கிவிட்டார். நகல் தொழிலுக்கு அது ஆகாத பழக்கம், கிட்டேயே போகாதீர்கள்.

கடைசியாக, ஒனிஜியின் உடம்பில் தன் கணவர் முகத்தை வைத்து வரைந்து தரச் சொல்லும் வாடிக்கையாளர் கட்டாயம் வருவார். மூக்கை எடுப்பாகப் போடுங்கள், இரட்டைத் தாடையை ஒற்றையாக்குங்கள், கைகளை மட்டும் ஷராகு போட்டபடியே விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் பாதி போதாது, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு தூரிகையைத் தொடுங்கள்.